அண்ணனுக்கு அனுப்பும் 500 டாலரும் தள்ளிப்போகும் உரிமமும்

கேள்வி: ஃப்ளோரிடாவில் வசிக்கிறேன், வயது 38. மனநல ஆலோசகருக்கான முதுகலைப் படிப்பை முடித்து, உரிமம் கிடைக்கும்வரை மேற்பார்வையில் பணிபுரியும் இன்டர்னாகப் பதிவு செய்துகொண்டு, லாப நோக்கற்ற மையம் ஒன்றில் ஆண்டுக்கு 46,000 டாலர் சம்பளத்தில் முழுநேரமாகப் பணியாற்றுகிறேன். உரிமம் கிடைத்தால் 14,000 டாலர் கூட்டித் தருவார்கள். ஊரில் மாடி எழுப்பும் அண்ணனுக்கு மாதம் 500 டாலர் அனுப்புவதற்காக, வாரத்தில் மூன்று மாலைகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அதனால் சிகிச்சை நேரம் வாரத்துக்கு ஒன்பது மணிதான் சேர்கிறது. மத்திய அரசின் கல்விக் கடன் 62,000 டாலரைக் குறைந்த வட்டிக்குத் தனியார் நிறுவனத்துக்கு மாற்றி, மிச்சமாகும் தொகையில் குடும்ப நண்பர் சொல்லும் ஐ.யு.எல். காப்பீட்டை (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) எடுக்கலாமா?

பதில்: நீங்கள் கேட்டது கடனையும் காப்பீட்டையும் பற்றி, ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியவை அந்த மூன்று மாலைகள்தான்.

உங்கள் மாநில விதிப்படி 1,500 மணி நேர நேரடி சிகிச்சையையும் 100 மணி நேர மேற்பார்வையையும் 100 வாரங்களுக்குக் குறையாமல் முடிக்க வேண்டும். அதாவது வாரம் 15 மணி நேரம் கிடைத்தால்தான் குறைந்தபட்சக் காலத்தில் முடியும். வேலைக்குப் போகிறவர்கள் ஆலோசனைக்கு வரக்கூடியது மாலை ஐந்து மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் நீங்கள் வேறோர் இடத்தில் ரசீதுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். வாரம் ஒன்பது மணி என்றால் ஏறத்தாழ 167 வாரங்கள் ஆகும். கூடுதலாகப் போகும் 67 வாரங்களில் நீங்கள் இழக்கும் சம்பள உயர்வு சுமார் 18,000 டாலர்.  இதே 167 வாரங்களில் அண்ணனுக்குப் போய்ச் சேரும் தொகை 19,000 டாலர் சொச்சம்தான். அவருக்கு ஒரு டாலர் அனுப்புவதற்காக நீங்கள் வெளியே தெரியாமல் ஏறத்தாழ இன்னொரு டாலரை இழக்கிறீர்கள். இன்டர்ன் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதையும், இடையில் உரிமத் தேர்வு வேறு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அண்ணனுக்கு ஒன்றுமே அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மாலை வேலையை விட்டுவிட்டு, உரிமம் வரும்வரை உங்கள் சம்பளத்திலிருந்து முடிந்ததை, 100 டாலரோ 150 டாலரோ, அனுப்புங்கள். எந்த மாதம் முதல் தொகை குறையும் என்பதை அண்ணனிடம் நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினால் அது வேறு கதையாகத்தான் போய்ச் சேரும். அதே வாரத்தில் மையத்தின் மேலாளரிடம் மாலை நேரச் சந்திப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.

கல்விக் கடனைத் தனியாருக்கு மாற்றாதீர்கள். பொதுச் சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தில், தகுதியுள்ள நிறுவனத்தில் முழுநேரம் பணியாற்றியபடி வருமானத்துக்கு ஏற்ற தவணைகளாக 120 தவணைகள் கட்டியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடியாகிறது. கடன் தனியாரிடம் போன அன்றே அந்த வழி நிரந்தரமாக அடைபட்டுவிடும். உங்கள் மையம் அத்திட்டத்தின்கீழ் வருகிறதா என்பதை மத்திய மாணவர் உதவித் தளத்தில் சரிபார்த்து, ஆண்டுதோறும் சான்றுப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஐ.யு.எல். இப்போது நம்மவர் கூடும் விருந்துகளில் சாம்பாருக்கு முன்பே பரிமாறப்படுகிறது. பங்குச் சந்தை ஏறும்போது உங்களுக்கு வரும் லாபத்துக்கு அதில் உச்சவரம்பு உண்டு. கட்டணங்களோ சந்தை எப்படி இருந்தாலும் கழிக்கப்படும். நண்பர் வற்புறுத்தினால், முதல் பத்து ஆண்டுகளுக்கான சரண்டர் கட்டண (இடையில் காப்பீட்டைக் கைவிட்டால் பிடித்துக்கொள்ளும் தொகை) அட்டவணையையும் அவருக்குக் கிடைக்கும் கமிஷனையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள்.