144ஆவது ஆள்

வணக்கம் சார்,

டென்வரில் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இங்கே வந்தபின் மகனோடு சேர்ந்து அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஷெடூர் சாண்டர்ஸ் 2025 டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சியில், முதல் ரவுண்டிலேயே போய்விடுவார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் ஐந்தாவது ரவுண்டு, 144ஆவது ஆள். மூன்று நாள் டிவி முன்னால் உட்கார்ந்து வெறுத்துப்போனோம். 2024 சீசனில் வீசியதில் நூற்றுக்கு 74 பந்து போய்ச் சேர்ந்தது. 37 டச்டவுன், கோல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஒரு பையன் என்ன செய்ய வேண்டும்? முன்னாள் நட்சத்திர வீரரான அப்பா டீயான் சாண்டர்ஸ் மேல் உள்ள கடுப்பைப் பிள்ளையிடம் காட்டிவிட்டார்களா? பின்னாளில் பெரிய நட்சத்திர குவாட்டர்பேக் ஆன டாம் பிராடியே 199ஆவது ஆள்தானே என்று மகனுக்கு ஆறுதல் சொல்லி வைத்திருக்கிறேன். ஷெடூரை எடுத்த கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் ஜெர்சி கேட்கிறான். வாங்கலாமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா மேல் கடுப்பு என்றால் டிராவிஸ் ஹன்ட்டர் எப்படி இரண்டாவது ஆளாகப் போனார்? அதே கொலராடோ, அதே டீயான்தான் கோச். டிராஃப்டுக்கு ஐந்து நாள் முன்புதான் இரண்டு பேர் ஜெர்சி எண்ணையும் ஒன்றாக ஓய்வு கொடுத்து கௌரவித்தார்கள். டிராஃப்டில் ஒருவர் 2ஆவது ஆள், இன்னொருவர் 144ஆவது ஆள்.

நீங்கள் 74 சதவீதத்தைப் பார்க்கிறீர்கள். அணிக்காரர்கள் இன்னொரு எண்ணையும் பார்த்திருப்பார்கள். கொலராடோவில் இரண்டு வருஷத்தில் அவர் 90 தடவைக்கு மேல் 'சாக்' ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே தரையில் சாய்க்கப்பட்டார். அவரைக் காக்க வேண்டிய லைன் ஓட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எதிராளி நெருங்கியதும் முன்னால் ஓரடி வைத்துப் பந்தை விடமாட்டார். பின்னால், பின்னால் என்று நழுவிப் போவார். கல்லூரியில் அப்படிப் போய்த் தப்பித்துவிடலாம். என்எஃப்எல்லில் துரத்துகிறவன் 120 கிலோ இருப்பான், இவரைவிட வேகமாகவும் ஓடுவான். எட்டு கஜம் பின்னால் போய் விழுந்தால் எட்டு கஜமும் நஷ்டம்.

இந்தக் குறைக்கு இரண்டாவது ரவுண்டு போதாதா, ஏன் ஐந்தாவது என்று கேட்பீர்கள். மற்ற இடங்களில் ஆடுகிறவர் சரிந்தால் பத்து, இருபது இடம் சரிவார். குவாட்டர்பேக் நாற்காலி ஒன்றுதான். இவர்தான் நம் ஆள் என்று நம்புகிற அணி சீக்கிரமே எடுத்துவிடும். டென்னசி கேம் வார்டை முதல் ஆளாக எடுத்தது. ஜயன்ட்ஸ் இன்னொரு அணியின் இடத்தை வாங்கி முன்னேறி வந்து ஜாக்சன் டார்ட்டை 25ஆவது ஆளாக எடுத்தார்கள். யாருக்கும் அந்த நம்பிக்கை வரவில்லை என்றால் அப்புறம் அவர் பெஞ்சுக்கான ஆள். பெஞ்சுக்கு ஆள் பார்க்கும் கணக்கே வேறு. பயிற்சியில் எதிரணி குவாட்டர்பேக்காக வேஷம் கட்ட வேண்டும், தன் முறை வரும்வரை சத்தமில்லாமல் இருக்க வேண்டும், வாரம் முழுக்க கேமராக்கள் அவர் பின்னால் ஓடக் கூடாது. அப்பா இங்கேதான் வருகிறார். பையன் நல்ல பையன்தான், சம்பந்தி வீட்டை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது என்போமே, அந்தக் கதை.

எனக்கே பிடிபடாத ஒன்றும் உண்டு. இதே பிரவுன்ஸ் 94ஆவது ஆளாக டில்லன் கேப்ரியல் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். ஐந்தடி பதினோரு அங்குலம்தான் உயரம். சரி, அதோடு நின்றார்களா? மறுநாள் ஆள் எடுக்கும் வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து முன்னேறி வந்து ஷெடூரையும் எடுத்தார்கள். ஆறு தடவை வேண்டாம் என்று தாண்டிப்போன ஆளுக்கு ஏழாவது தடவை ஏன் அந்த அவசரம்?

பிராடியை விடுங்கள். 25 வருஷமாக எல்லாரும் அவரையே ஓட்டுகிறார்கள். மகனுக்குக் கென்னி பிக்கெட்டைக் காட்டுங்கள். 2022 டிராஃப்டில் முதல் ரவுண்டில் போன ஒரே குவாட்டர்பேக், 20ஆவது ஆள். மூன்றே வருஷத்தில், 2025இல், மூன்றாவது அணிக்கு வந்துவிட்டார். அதே டிராஃப்டில் ஆகக் கடைசியாக, 262ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி சான்பிரான்சிஸ்கோவை சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். ஷெடூரின் டிராஃப்ட் சமயத்தில் பிக்கெட் எந்த அணி தெரியுமா? பிரவுன்ஸ்தான். ஷெடூர் போய் உட்கார்ந்த அதே அறை. கூடவே அப்போது 40 வயதான இன்னொரு குவாட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ. கேப்ரியலையும் சேர்த்தால் நான்கு பேர். அப்போது காயத்தில் கிடந்த டெஷான் வாட்சன் தனி.

நான்கு பேர் பங்கு போட்டபோது பயிற்சியில் ஐந்தாவது ரவுண்டுப் பையனுக்கு எத்தனை பந்து மிஞ்சியிருக்கும்? முதல் அணியோடு அவரை நிறுத்துகிறார்களா, நிறுத்தினால் பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள்.

ஜெர்சியா? ஆகஸ்ட் கடைசியில், அணியில் தங்கப்போகிறவர்கள் யார் என்ற 53 பேர் பட்டியல் வரும். அதுவரை பையனைச் சமாளியுங்கள்.