ஊட்டிச் சதுப்பில் குழாய் இறக்கி மண் எடுப்பது எதற்காக?

கேள்வி: ஊட்டிக்கு வெளியே ஒரு சதுப்பில் சிலர் நீளமான குழாயை இறக்கிக் கறுப்புச் சேற்றை எடுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மீன்கூட இல்லாத இடத்தில் என்ன ஆராய்ச்சி? இப்படித் தோண்டினால் சதுப்பு கெட்டுப்போகாதா?

பதில்: அவர்கள் தேடுவது பழைய மழையை. எனக்குக் கோத்தகிரிப் பக்கம். தாவரவியல் படித்த காலத்தில் இப்படி ஒரு குழுவுக்குக் கைவேலைக்கு ஆளாகப் போயிருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, புல்மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் வருடம் முழுக்க நீர் ஊறி நிற்கும். குளிர் அதிகம், சேற்றுக்குள் காற்றும் போகாது. அதனால் அங்கே சாகும் புல்லும் கோரையும் முழுதாக மட்குவதில்லை. அப்படியே அமுங்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்து கறுப்பு மண்ணாகிவிடும். இதைத்தான் பீட் என்கிறார்கள். மேலே இருப்பது போன வருடத்துப் புல். கீழே போகப்போக வயது கூடும்.

குழாயில் வந்த மண்ணைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, கார்பன் 14 முறையில் வயது பார்ப்பார்கள். அமிலத்தில் கரைத்தால் மற்றதெல்லாம் போய் மகரந்தத் துகள் மட்டும் மிஞ்சும். எந்தக் காலத்தில் என்ன செடி இருந்தது என்று அதில் தெரியும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நீலகிரிக்கு வந்தது 1843 வாக்கில். அதன் மகரந்தம் இருக்கும் அடுக்கு அதற்குப் பிந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கார்பன் 13 கணக்கு. கார்பன் 13 என்பது சாதாரணக் கார்பனைவிடக் கொஞ்சம் கனமான வகை. மரங்களும் குளிரும் ஈரமும் விரும்பும் செடிகளும் இந்தக் கனமான கார்பனைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கரும்பு, மக்காச்சோளம் போல வறட்சி தாங்கும் புல் இனங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். செடி செத்துப் பீட் ஆன பிறகும் அந்த விகிதம் மாறுவதில்லை. ஆகவே ஓர் அடுக்கில் கார்பன் 13 கூடியிருந்தால் அந்தக் காலத்தில் வறட்சிப் புல் ஓங்கியிருந்தது, குறைந்திருந்தால் ஈரம் நிறைந்திருந்தது என்று படிக்கலாம். காற்றில் கரியமில வாயு குறைந்திருந்தாலும் வறட்சிப் புல்லுக்குத்தான் சாதகம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகிய நால்வர் நீலகிரிப் பீட்டை இப்படிப் படித்து 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, இங்கே பருவமழை மெலிந்து வறட்சிப் புல் ஓங்கியிருக்கிறது. 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் நல்ல மழை. பிறகு 5,000 முதல் 2,000 ஆண்டுகளுக்கு முன்புவரை மறுபடி வறட்சி. 600 ஆண்டுகளுக்கு முன் கொஞ்ச காலம் ஈரம். 1997இல் வந்த அடுத்த ஆய்வு, ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள சாண்டிநல்லா பீட்டைக் கொண்டு இந்தக் கணக்கை 40,000 ஆண்டுகள்வரை நீட்டியது.

கடலடி மண்ணும் இதை ஆமோதிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால் ஓமன் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அந்த நீரில் குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்ற நுண்ணுயிர் பெருகும். அதன் ஓடுகள் அடியில் படியும். எந்த அடுக்கில் எவ்வளவு ஓடு என்று பார்த்தால் காற்றின் பலம் தெரியும். அந்தக் கணக்கிலும் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் பருவமழை வலுத்துத்தான் இருந்திருக்கிறது. அரபிக்கடலின் அந்தக் கரையும் நம் மலையும் ஒரே காற்றை இரண்டு விதமாகப் பதிந்து வைத்திருக்கின்றன!

சரி, இதனால் ஊருக்கு என்ன பயன்? நீலகிரிப் புல்வெளி என்பது, சோலைக்காடுகளை மனிதர்கள் அழித்ததால் வந்த வெற்றுநிலம் என்று ஒரு வாதம் நெடுங்காலம் இருந்தது. தரிசு என்று பெயர் வைத்துத்தான் அதில் கற்பூர மரமும் சீகை மரமும் (வாட்டில்) நட்டார்கள். இந்த மலையில் விவசாயம் தொடங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே இங்கே புல்வெளி இருந்ததைப் பீட் காட்டிவிட்டது. என்னைக் கேட்டால், இந்த மலையைப் பற்றி நடந்த ஆய்வுகளில் இதைவிட முக்கியமானது கிடையாது.

மீன் இல்லாவிட்டாலும் உயிருக்குப் பஞ்சமில்லை. சத்துக் குறைந்த சேறு என்பதால் பூச்சியைப் பிடித்துத் தின்னும் டிரோசிராவும் உட்ரிகுலேரியாவும் அங்கே வளர்கின்றன. தோடர்கள் கோயில் கூரை வேயும் ஒரு வகைப் புல், எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி, இந்தச் சதுப்புகளில்தான் முளைக்கிறது. மழையை உறிஞ்சி வைத்து, மார்ச், ஏப்ரலில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் இவைதான். அந்த ஓடைகள்தான் மோயாறாகவும் பவானியாகவும் இறங்கிக் காவிரிக்குப் போகின்றன.

தோண்டினால் கெடாதா என்று கேட்டீர்கள். அந்தக் குழாய் கையில் பிடிக்கிற அகலம்தான். எடுத்த உடனே சேறு சரிந்து துளை மூடிக்கொள்ளும். கெடுப்பது வாய்க்கால். கேரட்டும் உருளையும் போடுவதற்காகப் பொக்லைன் வைத்து ஒரு வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், காற்று உள்ளே போய், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் கிடந்தது மட்க ஆரம்பிக்கும். மண் சுருங்கும், கரியமில வாயு வெளியே போகும். உழுதால் அடுக்குகளும் கலந்துவிடும். அதன் பிறகு அந்த இடத்தில் எந்த ஆய்வுக்குழு குழாய் இறக்கினாலும் காலத்தைப் பிரித்துப் படிக்க முடியாது. விவசாயிகளை இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை, என் உறவினர்களும் கேரட் போடுகிறவர்கள்தான். ஆனால் நில ஆவணத்தில் இந்த இடங்கள் சதுப்பு என்று தனியாகக் குறிக்கப்பட வேண்டும், அங்கே வாய்க்கால் வெட்டத் தடை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.