பெரிய கன்சல்டிங் கம்பெனியில் வேலை: மதுரைப் பக்கமிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஒன்பது வருடம் ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்தில் இருந்தேன். சென்னையில் சேர்ந்து மும்பையில் முடித்தேன். வளர்ந்தது மதுரை செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே. அந்த வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, கன்சல்டிங் என்றால் உண்மையில் என்ன வேலை? கம்பெனிகள் எழுதுவதைப் படித்தால் ஒன்றும் புரியவில்லை. (இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவி, திருமங்கலம்)

புரியாதது உன் தப்பில்லை பாப்பா. நான் செய்த முதல் வேலையைச் சொல்கிறேன், அதிலேயே விளங்கிவிடும்.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. லாரிகள் வாசலில் மணிக்கணக்கில் நிற்கின்றன, இரண்டாவது எடை மேடை போடலாமா என்று எங்களைக் கேட்டார்கள். மதியம் 2 மணி வெயிலில் கையில் அட்டையும் பேனாவுமாக நின்று, ஒவ்வொரு லாரியும் எப்போது வந்தது, எப்போது மேடை ஏறியது, எப்போது வெளியே போனது என்று மூன்று நாள் எழுதினேன். வரிசையில் நின்ற டிரைவர்கள் லாரி நிழலில் அடுப்பு வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே கேட் கிளார்க் சொல்லிவிட்டார்: "மேடம், மேடையில ஒரு தப்பும் இல்ல. பேப்பர் மாடியில இருந்து 11 மணிக்குத்தான் இறங்குது."

எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. எடை போட நாலு நிமிடம்கூட ஆகவில்லை. விற்பனைப் பிரிவு ஆர்டர்களை மொத்தமாகச் சேர்த்து அனுப்பியது, அதனால் டெலிவரி சீட்டு அச்சாகத் தாமதமானது. ஆர்டரைக் காலையிலிருந்தே பிரித்துப் பிரித்து அனுப்பச் சொன்னோம். இரண்டாவது மேடைக்கு வேலையே இல்லாமல் போனது.

ஆறு வருடமாக அந்த மனிதர் இதைச் சொல்லிவந்திருக்கிறார். மாடிக்குப் போய்ச் சேரவில்லை. நாங்கள் கணக்கோடு எழுதிக் கொடுத்ததும் போய்ச் சேர்ந்தது. கேட்பது, எண்ணுவது, முடிவெடுக்கிறவர் காதில் விழும்படி எழுதுவது, இந்த மூன்றும்தான் கன்சல்டிங். அறிக்கையில் அந்தக் கிளார்க்கின் பெயரைப் போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், போட்டார்கள். ஒன்பது வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஸ்லைடு (அறிக்கையின் பக்கத்தை அப்படித்தான் சொல்வோம்) அதுதான்.

நிறுவனங்களில் வகை உண்டு. மெக்கின்சி, பிசிஜி, பெயின் மூன்றும் மேலாண்மை ஆலோசனையில் பெரிய பெயர்கள். டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி நான்கும் தணிக்கையில் வேர் விட்டு ஆலோசனைக்குப் படர்ந்தவை. அக்சென்ச்சரில் தொழில்நுட்ப வேலை அதிகம். "கன்சல்டன்ட்" என்ற ஒரே பதவிப் பெயருக்கு ஒவ்வொரு இடத்திலும் வேலை வேறு. சேருவதற்கு முன்னால் எந்தப் பிரிவு, எந்த டீம் என்று கட்டாயம் கேள்.

ஒரு கம்பெனியைக்கூட நடத்திப் பார்க்காத பிள்ளைகள் அடுத்தவர் தொழிலுக்கு யோசனை சொல்வது எப்படிச் சரியாகும்? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருநகர்)

ஐயா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பத்து ஆலைகளைப் பார்த்தவருக்குப் பதினோராவது ஆலையில் எது விசேஷம், எது வழக்கம் என்று தெரியும். அந்த ஒப்பீடுதான் எங்கள் சரக்கு. ஆனால் சொன்னதைச் செய்து காட்டும் பொறுப்பு எங்களுக்குக் கிடையாது. அது பெரிய குறை என்று நானும் நினைக்கிறேன்.

இதற்கு மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ல் ஒரு பாடம் எழுதியது. உலகம் முழுக்க எம்பிஏ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதே அரவிந்த் 1992-ல் தொடங்கிய லைகோ மற்ற கண் மருத்துவமனைகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது. தானே செய்து பார்த்ததைச் சொல்லித்தருகிற கன்சல்டிங் அது. எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம்.

ஏம்மா, என் மகள் பெங்களூரில் இந்த மாதிரி ஒரு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி 12 மணிக்குப் போன் போட்டாலும் வேலையில் இருக்கிறேன் என்கிறாள். இது சாதாரணம்தானா? (ஒரு தாய், உசிலம்பட்டி)

அம்மா, அடிக்கடி நடப்பதுதான். அதற்காக அது சரி என்று சொல்ல மாட்டேன்.

பகல் முழுக்க கிளையன்ட் அலுவலகத்தில், அதாவது எங்களிடம் ஆலோசனை கேட்ட கம்பெனியில், கூட்டம். சாயங்காலம் 7 மணிக்கு மேல்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கும். 10 மணிக்கு மேனேஜர் திருத்தம் அனுப்புவார், அதை முடிக்க 1 மணி ஆகும். ப்ராஜெக்ட் முடிகிற வாரங்களில் இப்படித்தான். வருடம் முழுக்க இப்படியே போனால் அந்த டீமில் கோளாறு இருக்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம் எனக்கு டெங்கு வந்து மதுரையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தேன். இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, வலது கையால் எக்செல் ஷீட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்றைய மேனேஜர் போனில் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குள்ள முடியுமா?" என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, பையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, கூடவே நிம்மதியும் வந்தது. வேலை நின்றுவிடவில்லை. வேறொருவர் முடித்துக் கொடுத்தார்.

2024-ல் புனேயில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான ஓர் இளம் கணக்காயர் இறந்துபோனார். வேலைச் சுமையைப் பற்றி அவருடைய அம்மா எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

நீங்கள் மகளிடம் "வேலை எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், மத்தியானம் என்ன சாப்பிட்டாய், கடைசியாக முழு ஞாயிற்றுக்கிழமை லீவு எப்போது என்று கேளுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து பதில் சரியில்லை என்றால் நேரில் போய்ப் பாருங்கள். "பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு, ஊர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். வேலையை விட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்கிற பயத்திலேயே நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இன்டர்வியூவில் "உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை பரோட்டா விற்கும்" என்றெல்லாம் கேட்பார்களாமே, அதற்கு எப்படிப் பதில் சொல்வது? (எம்பிஏ மாணவர், பசுமலை)

கேட்பார்கள் தம்பி, பரோட்டாவையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகராட்சியில் 10 லட்சத்து 17 ஆயிரம் பேர், சுற்றுப்புறமும் சேர்த்தால் 14 லட்சத்து 65 ஆயிரம். 16 லட்சம் என்று வைத்துக்கொள். குடும்பத்துக்கு நாலு பேர் என்றால் 4 லட்சம் குடும்பம். ஒரு நாளில் பத்தில் ஒரு வீட்டில் பரோட்டா என்றால் 40 ஆயிரம் வீடு. வீட்டுக்கு 9 பரோட்டா. மொத்தம் 3 லட்சத்து 60 ஆயிரம்.

பெரும்பாலான பிள்ளைகள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நீ மறுபக்கமிருந்து சரிபார். ஒரு கிலோ மைதாவில் 12 பரோட்டா என்றால் 30 ஆயிரம் கிலோ மைதா வேண்டும். 50 கிலோ மூட்டையில் 600 மூட்டை. கடைக்கு நாளொன்றுக்கு ஒரு மூட்டை என்றால் 600 கடை. மதுரையில் 600 பரோட்டா கடை இருக்குமா? சாயங்காலம் ஒரு தெரு நடந்து பார்த்தாலே தெரியும், கட்டாயம் இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களை விட்டுவிட்டேன், அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நீயே சொல்லிவிடு. உன் எண்ணுக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை. சொன்ன எண்ணை நீயே சந்தேகப்படுகிறாயா என்றுதான் பார்ப்பார்கள்.

தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலம் தடுமாறும். வாய்ப்பு உண்டா? (மேலூர்)

உண்டு. ஸ்லைடின் தலைப்பில் முழு விஷயத்தையும் ஒரே எளிய வாக்கியத்தில் எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரு செய்தியைப் படித்து ஒரே வரியில் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கை வந்துவிடும். ஆலைக்குள் போனால் தமிழ் பேசுகிறவரிடம்தான் சேதி வரும், அந்தக் கேட் கிளார்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சிஏ இன்டர் முடித்திருக்கிறேன். ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சிக்கு) நம் ஊர் ஆடிட்டர் அலுவலகமா, டெலாய்ட், ஈஒய் போன்ற பெரிய நான்கில் ஒன்றா?

2023-ல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றிலிருந்து இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. அதனால் யோசித்து எடுங்கள். சிறிய அலுவலகத்தில் வவுச்சரிலிருந்து ஜிஎஸ்டி, வருமான வரி விசாரணை வரை எல்லாமே கைக்கு வரும். பெரிய இடத்தில் ஒரே துண்டை ஆழமாகப் பார்ப்பீர்கள். தொழில் நடத்த நினைத்தால் முதலாவது, கார்ப்பரேட் வேலை என்றால் இரண்டாவது.

இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 144-வது பிரிவுப்படி, ஒரு கம்பெனிக்குத் தணிக்கை செய்கிறவர் அதே கம்பெனிக்கு மேலாண்மைச் சேவை தர முடியாது. அமெரிக்காவின் என்ரான் கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்தில், அதைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் என்ற பெரிய நிறுவனமே 2002-ல் சரிந்ததைப் பார்த்த பிறகு உலகம் இதில் கண்டிப்பாகிவிட்டது. அதே காரணத்துக்காக, உங்கள் பெயரிலும் கணவன் அல்லது மனைவி பெயரிலும் இருக்கிற பங்குகளைச் சேர்ந்ததுமே எழுதிக் கொடுக்க வேண்டும், சிலவற்றை விற்கவும் சொல்வார்கள். மறைக்காதீர்கள்.

12 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் ஒரு லட்சம் கையில் வருமா?

வராது. அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்று வையுங்கள். நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 72 ஆயிரம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 28,860. போனஸ் என்று 1 லட்சத்து 20 ஆயிரத்தை வருடக் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள். மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து உங்கள் பங்கு பிஎஃப்பையும் கழித்தால் மாதம் 75 ஆயிரத்துச் சொச்சம், அதுவும் வரிக்கு முன்னால். வீட்டில் கடன் இருந்தால் இந்த எண்ணை வைத்தே திட்டமிடுங்கள்.

பெஞ்ச் என்கிறார்களே, அது பயப்பட வேண்டிய விஷயமா?

ப்ராஜெக்ட் இல்லாமல் இருக்கும் காலம்தான் பெஞ்ச். வாரம் 40 மணி நேரத்தில் கிளையன்ட் வேலைக்கு 32 மணி நேரம் என்று கணக்கு எழுதினால் யூட்டிலைசேஷன் (கிளையன்ட் வேலைக்குப் போன நேரத்தின் பங்கு) 80 சதவீதம். இரண்டு வாரம் பெஞ்சில் இருந்தால் பரவாயில்லை, இரண்டு மாதம் என்றால் நீங்களே மேனேஜர்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும். டைம்ஷீட்டில் (நேரக் கணக்குத் தாளில்) உண்மையில் உழைத்த நேரத்தை எழுதுங்கள். குறைத்து எழுதச் சொன்னால் காரணத்தை மெயிலில் கேளுங்கள்.

அக்கா, நீங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்? மதுரையிலிருந்தே இந்த வேலையைச் செய்ய முடியுமா? அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து நாலு வருடம் ஆயிற்று. (குர்கானிலிருந்து ஒரு செல்லூர்க்காரர்)

நம்ம ஏரியாவா! பெரிய நிறுவனங்களின் ஆலோசனைப் பிரிவு பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஐதராபாத், மும்பை, குர்கான் மாதிரி பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. மதுரையில் ஐடி பூங்காக்கள் உள்ள இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் இருப்பது பெரும்பாலும் மென்பொருள் வேலை. நான் இப்போது கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் சின்னத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கும் இருப்பும் எண்ணிக் கொடுக்கிறேன். வருமானம் பாதிதான். சொன்னதை மறுவாரமே நேரில் போய்ப் பார்க்க முடிகிறது, அதற்காகத்தான் வந்தேன்.

திருவிழாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். சித்ரா பௌர்ணமி தேதி பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே இருக்கிறது. ஜனவரியிலேயே லீவு கேட்டு மெயிலில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு போதாது. சென்னை வரைக்கும் விமானம், அப்புறம் மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயில். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், காலை 8 மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள்.