ஸ்மார்ட் ரீவியும் ஈர்க்குக் கட்டும்

அன்பின் ஐயாவுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 3 படிப்பிக்கிறேன். வகுப்பில் 27 பிள்ளைகள். போன வருசம் எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் சேர்ந்து ஒரு பெரிய ஸ்மார்ட் ரீவியும் பத்து டெப்பும் (கையடக்கக் கணினி) வாங்கித் தந்தார்கள். ரீவியைப் போட்டால் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். பிள்ளைகளின் வரவும் கூடியிருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஆனால் கழித்தல் வீடியோவை நாலு நாள் போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் பாதிப் பேர் 35 என்று எழுதுகிறார்கள். வீடியோவில் வந்த பாட்டை மட்டும் ஒரு பிழையில்லாமல் பாடுகிறார்கள். நான் பழையபடி ஈர்க்குக் கட்டை எடுத்தேன். மேற்பார்வைக்கு வந்த ஒருவர், "இவ்வளவு சாமான் வந்தும் இன்னும் ஈர்க்கோடயா டீச்சர்?" என்று சிரித்தார். சுவீடனில் திரும்பவும் புத்தகத்துக்கே போய்விட்டார்கள் என்று முகநூலில் கண்டேன், உண்மையா? டெப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடவா? அல்லது நான்தான் புதுசுக்குப் பயப்படுகிறேனா?

பெயரைப் போடவேண்டாம்.

*

அன்பின் டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 35. நான் படிப்பித்த காலம் முழுக்க என்னோடு கூட வந்த 35 அது. இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க ஏலாது. ஆனபடியால் பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போடுகிறது. மறுகா நாலிலிருந்து ஒன்றைக் கழித்து 3. அது கவனக்குறைவில்லை. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று நாம்தானே கீழ் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம்? பிள்ளை நம் சொல்லைக் காப்பாற்றுகிறது.

இப்போது ஈர்க்கை எடுங்கள். பத்துப் பத்தாய் நாலு கட்டு, உதிரியாய் இரண்டு. "ஏழு ஈர்க்குத் தா மனே" என்று கையை நீட்டுங்கள். பிள்ளை உதிரி இரண்டையும் தரும். பிறகு கட்டுகளைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். "இதை அவிழ்க்கலாமா டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் பாடம். அவிழ்த்த பிறகு நாலு கட்டு மூன்றாகிப் போனதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தான் அவிழ்த்ததல்லவா, அதற்கே தெரியும்.

நீங்கள் போட்ட வீடியோவை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த வகையில் கொஞ்சம் பார்த்திருக்கிறேன், பேத்தி புண்ணியத்தில். அதில் கட்டு தானாக அவிழும். 'டிங்' என்று ஒரு சத்தம், பத்துக் குச்சியும் பறந்து போய் ஒன்றுகளின் வீட்டில் உட்காரும். பார்க்க நல்ல வடிவு. பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, பாட்டைப் பாடுவதைத் தவிர. அதைத்தான் உங்கள் பிள்ளைகள் பிழையில்லாமல் செய்கிறார்கள்.

1999இல் புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கியது. வகுப்பில் நடப்பதை விளையாட்டு, செயற்பாடு, இருந்து எழுதும் வேலை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். கருத்தரங்கு கருத்தரங்காய் எங்களைக் கொண்டுபோய் இருத்தி வைத்து, தேத்தண்ணியும் தந்து, சொன்ன விசயம் இது. சும்மா இருந்து ரீவி பார்ப்பது இந்த மூன்றில் எதற்குள் வரும் என்று உங்களைப் பார்த்துச் சிரித்தவரிடம் ஒருமுறை கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், இடமாற்றப் பட்டியல் எழுதுகிற காலம் வேறு.

சுவீடன் கதை உண்மைதான். 2023இல் அந்த நாட்டு அரசாங்கம் திசையை மாற்றி, பாடப் புத்தகம் வாங்கக் காசு ஒதுக்கியது. முன்பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்றிருந்ததையும் வேண்டாம் என்றது. ஆனால் டீச்சர், அந்தப் பிள்ளை திரையை விட்டு எழும்பினால் எதிரே ஒரு நூலகம் நிற்கிறது. நம் பிள்ளை திரையை விட்டு எழும்பி எங்கே போகும்? பூட்டுப் போட்ட ஒரு அலுமாரிக்கு, அதற்குள் கறையான் தின்றது போக மிஞ்சியதற்கு. ஆகவே சுவீடனைக் காட்டி டெப்பைப் பூட்டாதீர்கள். அது அவர்களுடைய கணக்கு.

எனக்குச் சுவீடனைவிடப் பெரு நாட்டுக் கதை கிட்டத்தில் தெரிகிறது. அங்கே கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். பச்சையும் வெள்ளையுமாய், முயல் காது மாதிரி இரண்டு அன்ரனா வைத்த சின்னப் பெட்டி. 319 பாடசாலைகளில் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழியிலும் சொல்லும்படி ஒரு மாற்றமும் இல்லை. பொதுவான சிந்தனைத் திறனை அளந்த சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். பெட்டி வந்து சேர்ந்தது, படிப்பிக்கிற விதம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான்.

சரி, டெப்பை என்ன செய்வது? அதற்கு என் சொந்தக் கதையைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கவேண்டும்.

எண்பதுகளில் நானும் படுவான்கரையில்தான். மண்முனைத் துறையில் சைக்கிளோடு 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரை போய்ப் படிப்பித்தேன். (பாலம் 2014இல் திறந்தார்கள், நான் ஓய்வு பெற்ற மறு வருசம். இதை நான் தனிப்பட்ட பகையாகவே வைத்திருக்கிறேன்.) சவூதியிலிருந்து வந்த அண்ணன் ஒரு கசற் ரெக்கோடர் தந்தார். பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டத்தான் கொண்டு போனேன். ஒருநாள் வாசிப்புப் பாடத்தின்போது சும்மா அதன் சிவப்புப் பொத்தானை அமத்தி வைத்தேன். 38 பிள்ளைகள், கூரை அதிர வாசித்தார்கள். எனக்குப் பெருமை. பக்கத்து வகுப்பு சேர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரவு வீட்டில் அதைப் போட்டுக் கேட்டேன். இரண்டாம் தடவை கேட்டேன். வாசித்தது ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் கூத்துக் களரியில் பிற்பாட்டுக்காரர் மாதிரி. அண்ணாவியார் எடுத்துக் கொடுக்க, கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இழுத்தபடி பின்னால் வருகிறார்கள். வகுப்பில் நிற்கும்போது அந்த அரை நொடிப் பின்னடைவு காதில் விழவேயில்லை. கசற்றில் கேட்டது. மூன்று வருசமாய் அப்படி இழுத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் எத்தனை பேரை நான் மேல் வகுப்புக்கு ஏற்றி அனுப்பியிருப்பேன்?

பிறகு கொஞ்சக் காலம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு வாசிக்க வைத்துப் பதிந்தேன். அது நீளவில்லை. போர் முற்றி, பற்றரி கொண்டுபோவதற்கே சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்லும் காலம் வந்தது. ரெக்கோடர் வீட்டு அலுமாரி மேல் ஏறியது, ஒருமுறை இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை.

அதே பாடம் திரும்பவும் எனக்கு 2020இல் கிடைத்தது. மார்ச் மாதம் பாடசாலை பூட்டினார்களே, அப்போது. மருமகளும் உங்களைப் போல ஆரம்பப் பிரிவு. வட்ஸ்அப்பில் செயலட்டை அனுப்புவா, பிள்ளைகள் செய்து படம் பிடித்து அனுப்பும். எல்லாம் சரியாகவே இருக்கும். தாய்மாரின் கையெழுத்து வேறு எப்படி இருக்கும்? அலுத்துப் போய் ஒருநாள், "எழுத வேண்டாம், ஒரு பக்கத்தை வாசித்து வொய்ஸ் அனுப்புங்க" என்றா. போன் இருந்த வீடுகளிலிருந்து வந்தது. சில வீட்டில் போன் தகப்பனோடு வயல் வட்டைக்குப் போய்விடும், அந்தப் பிள்ளைகளின் குரல் இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும். போனே இல்லாத வீடுகளிலிருந்து ஒன்றும் வரவில்லை.

நானும் பக்கத்தில் இருந்து கேட்பேன். கோழி கத்தும், மீன்காரரின் ஹோர்ன் அடிக்கும், தாய் மெல்லிய குரலில் சொல் எடுத்துக் கொடுப்பது கேட்கும். ஒரு பெண்பிள்ளை நல்ல தெளிவாக, "மாடு வயலில் நிற்கிறது" என்று வாசித்தது. மருமகள் போனை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தா. புத்தகத்தில் இருந்தது 'பசு'. பிள்ளை எழுத்தை வாசிக்கவில்லை. படத்தை வாசிக்கிறது! வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு 'நன்று' போட்டுத்தான் வந்திருக்கிறா. அன்று பின்னேரமே தாய்க்கு ஒரு வொய்ஸ் போனது: "நாளைக்குப் படத்தைக் கையால பொத்திப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கம்மா." அடுத்த நாள் வந்த பதிவில் நீண்ட மௌனம், பிறகு "ப... சு..." என்றொரு சின்னக் குரல். அந்த வருசம் நான் கேட்ட நல்ல செய்திகளில் அது ஒன்று.

ஆகவே உங்கள் டெப் பத்தையும் பாட்டுப் போடும் பெட்டியாகப் பார்க்காதீர்கள். காதாகப் பாருங்கள். குரல் பதிய இணையம் வேண்டாம், ரீலோட் வேண்டாம், சிக்னல் தேடிக் குளக்கட்டுக்கு ஏறவும் வேண்டாம். 27 பிள்ளைகளுக்குப் பத்து டெப் என்றால் மூன்று தடவையில் முடிந்துவிடும். மரத்தடியில் தள்ளித் தள்ளி இருத்தி, ஒரு பத்தியைத் தாங்களே வாசித்துப் பதியச் சொல்லுங்கள். தங்கள் குரலைத் தாங்களே கேட்கும்போது பாருங்கள் முகத்தை. முதல் கிழமை சிரிப்பு, இரண்டாம் கிழமை, "டீச்சர், இது பிழை, திரும்பப் படிக்கட்டா?" என்று வரும். 27 பதிவையும் ஒரே இரவில் கேட்கப் போகாதீர்கள், வெறுத்துப் போகும். நாளுக்கு ஐந்து போதும்.

ஒன்றைக் கண்டிப்பாய்ச் சொல்லவேண்டும். அந்தப் பதிவுகளை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். உதவி செய்தவர்கள், "பிள்ளைகள் வாசிக்கிறதை அனுப்புங்கோ டீச்சர்" என்று அன்பாய்த்தான் கேட்பார்கள். திக்கி வாசிக்கும் பிள்ளையின் குரல் ரொறன்ரோவில் சுற்றி, திரும்ப ஊருக்கு வந்து, அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயராய் முடிய மூன்று நாள் காணும். நன்றி சொல்ல ரீவிக்குப் பக்கத்தில் நீங்களும் அதிபரும் நிற்கிற படம் ஒன்று போதாதா?

ரீவியையும் சும்மா தூசி பிடிக்க விடவேண்டாம். நம் பிள்ளைகளுக்கு யானையைத் திரையில் காட்டும் அவசியம் இல்லை, அது ராவைக்கு வேலியைப் பிரித்துக்கொண்டு நேரிலேயே வரும். பனி விழுவதைக் காட்டுங்கள். எரிமலை, நடுக்கடலில் திமிங்கிலம் மூச்சு விடுவது, பயற்றை விதை வெடித்து முளைப்பதை வேகமாய் ஓட்டிய படம். ஆனால் அன்றைக்கே சிரட்டையில் பயறும் போடுங்கள். திரையில் முப்பது வினாடியில் முளைத்தது சிரட்டையில் ஏன் இரண்டு நாளாகியும் வரவில்லை என்று பிள்ளை கிண்டிப் பார்க்கும். கிண்டட்டும்.

மொழி விசயம் ஒன்று. தமிழ் வீடியோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருவது. அதில் குறையில்லை, ஆனால் என் பேத்தி என்னைத் திருத்தினாள். "கதிரை இல்ல அப்பப்பா, நாற்காலி." கச்சானைக் கையில் வைத்துக்கொண்டு நிலக்கடலை என்கிறாள். இரண்டு சொல்லும் சரி என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். ரீவி சொல்வதே சரி, அம்மா சொல்வது பிழை என்று தரம் 3இல் ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால் அதை வீடியோ திருத்தாது. நீங்கள்தான் பக்கத்தில் நின்று, "நாம என்னண்டு சொல்லுவம் இதை?" என்று கேட்கவேண்டும்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐயும் நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லாமல் பரீட்சைகளையே தள்ளிப் போட்டார்கள். அந்த நாட்களில் புளியங்கொட்டையும் மணலும்தான் எங்கள் பக்கம் பல வகுப்புகளை ஓட்டின. ஈர்க்கைக் கண்டு சிரித்தவருக்கு அது மறந்து போயிருக்கும். (கரண்ட் பில் கட்டுவது யார் என்று அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். திறப்பு விழாவில் யாரும் பேசாத விசயம் அது.)

நீங்கள் புதுசுக்குப் பயந்தவரில்லை. பயந்தவர் 35ஐ எண்ணியிருக்கமாட்டார், பாட்டைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்.

ஈர்க்குக் கட்டுக்கு றப்பர் வளையம் போடுகிறீர்களா? வேண்டாம். இழுத்து ஒருத்தருக்கொருத்தர் அடிப்பார்கள், ஒரு கிழமையில் அறுந்தும் போகும். வாழைநாரைக் கொஞ்சம் நனைத்து, ஒற்றை முடிச்சாய்ப் போடுங்கள். எட்டு வயது விரலுக்கு அவிழ்க்க அது நல்ல இலகு.

அன்புடன்,
கல்லடியிலிருந்து