அப்பாவின் அஸ்தியைக் காசியில்தான் கரைக்க வேண்டுமா? பவானி கூடுதுறை போதாதா? மகள் கரைக்கலாமா?

போதும், தாராளமாகப் போதும். மகளும் கரைக்கலாம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே உங்கள் வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருக்கும் என்று புரிந்துவிட்டது.

நானும் ஒற்றைப் பெண்தான். ஊர் சேலம் அம்மாப்பேட்டை, அப்பா தறிக்காரர். கொள்ளி வைத்தது பெரியப்பா மகன், அதில் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் பால் தெளிக்கப் போன இடத்தில்தான் பேச்சு கிளம்பியது. விறகில் எரித்திருந்ததால் சாம்பலுக்கு அடியில் இன்னும் கனல் இருந்தது. தண்ணீர் தெளித்து ஆற்றி, கால்மாட்டில் தொடங்கித் தலைமாடு வரைக்கும் எலும்பைப் பொறுக்கி, பாலிலும் இளநீரிலும் அலசி மண்கலயத்தில் போட்டார்கள். வாயைத் துணியால் கட்டுவதற்குள் ஒரு சித்தப்பா, "கங்கையில போட்டாத்தான் அண்ணன் கரையேறுவாரு" என்றார். சரிங்க சித்தப்பா, டிக்கெட் யார் போடுறது என்று கேட்டேன். உடனே அவருக்கு ஏதோ போன் வந்துவிட்டது.

எங்கள் பக்கம் அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கலயத்தை மயானத்து வேப்பமரத்திலேயே கட்டிவிட்டு, விடியற்காலையில் எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் சங்ககிரி, குமாரபாளையம் வழியாகப் பவானி போனோம். காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுத நதி மூன்றும் கூடும் இடம் அது. சங்கமேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம், தேவாரத்தில் திருநணா என்று வரும். சேலம், ஈரோடு, நாமக்கல் ஆட்களுக்குக் காரியம் என்றாலே கூடுதுறைதான். எங்கள் தாத்தா பாட்டியும் அங்கே கரைந்தவர்கள்தான், அவர்கள் கரையேறாமலா போய்விட்டார்கள்?

ஐயர் என்னைப் பார்த்து, "ஆண் வாரிசு இல்லீங்களா?" என்று கேட்டார். "நான்தாங்க வாரிசு" என்றேன். "சரிம்மா, அப்பா பேரு சொல்லு" என்று தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டார், அவ்வளவுதான். கோத்திரம் தெரியாது என்றதும் சிவ கோத்திரம் என்று சொல்லிக்கொண்டார். எள்ளும் பிண்டமும் முடித்து இடுப்பளவு தண்ணீரில் நின்று கலயத்தை விட்டேன். முங்கி எழுந்து கால் வைத்தால் யாரோ அவிழ்த்துப் போட்ட வேட்டி கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. தயவுசெய்து உங்கள் ஆட்களையாவது துணியைக் கரையில் போடச் சொல்லுங்கள், பாலிதீன் பையையும்தான்.

அமாவாசையில் போகாதீர்கள், ஆடி, தை அமாவாசையில் நிற்கவே இடம் இருக்காது. மேட்டூரில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்டிருந்தால் படித்துறையில் இறங்க விட மாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சாமான், தட்சிணை எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். காசி ஆசை விடவில்லை என்றால் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்து வையுங்கள், நிறையப் பேர் செய்வதுதான். சாஸ்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எங்கள் வீட்டு வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் விட்டதெல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியலைத் தப்பாக அடித்துக் கொடுத்ததைத் திருத்தத்தான் படாத பாடு பட்டேன். இன்று சார் லீவு, நாளைக்கு சர்வர் டவுன். அது சரியாகாமல் பேங்கில் அம்மா பெயருக்கு ஒரு ரூபாய் மாற்றித் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். வாங்கும்போதே ஆதாரை எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு அப்புறம் கவுன்ட்டரை விட்டு நகருங்கள்.