காலையில் பஸ், சாயங்காலம் நடை

கேள்வி: மேல் குன்னூரில் இருக்கிறேன், வயது 44. தினமும் காலையில் பெட்போர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஆபீசுக்கு நடந்தே இறங்கிவிடுவேன். திரும்பும்போது பஸ். இருந்தும் எடை குறையவில்லை. இப்போது இறக்கத்தில் முட்டியின் முன்பக்கம் வலி வேறு. நாலு மணிப் பசிக்கு டீயும் நம்மூர் வர்க்கி பிஸ்கட்டும்தான். மழை நாளில் வீட்டுக்குள் என்ன பயிற்சி செய்யலாம்? என்ன பலகாரம் செய்து வைத்துக்கொள்ளலாம்?

பதில்: முதலில் பஸ்ஸையும் நடையையும் இடம் மாற்றுங்கள். காலையில் பஸ்ஸில் இறங்கி, சாயங்காலம் நடந்து ஏறுங்கள். ஏற்றத்தில்தான் இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. இறக்கத்தில் அதில் பாதி உழைப்புகூட இல்லை. முட்டிக்கோ கதை நேர்மாறு. ஒவ்வொரு அடிக்கும் முன்தொடைத் தசைதான் பிரேக் போடுகிறது, முட்டிச் சில்லு தொடை எலும்பின்மேல் அழுந்துகிறது. பலன் குறைந்த பாதியை, வலி கொடுக்கிற பாதியை மட்டும் இத்தனை நாளும் செய்திருக்கிறீர்கள்!

ஏறும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். ஆரம்பத்தில் பாதி வழிவரை பஸ்ஸில் வந்து மீதியை நடங்கள். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். பனிமூட்டத்தில் காட்டெருமை பத்தடி பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. மலையில் நடக்கிறோமே என்று நம்மவர்கள் விட்டுவிடுவது அந்த இரண்டாவதைத்தான். உங்கள் முட்டிக்கு மருந்தும் அதுவே. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. ஒரு வாரம் வலியில்லாமல் போனால் வாசற்படிக்கு வாருங்கள். படிமேல் ஒரு காலில் நின்று, மறு காலின் குதிகால் தரையைத் தொடும்வரை நிதானமாக இறக்கி, திரும்ப ஏற்றுங்கள். இறக்கத்தில் பிரேக் போடும் அதே தசைக்கு இது பயிற்சி. கைக்கும் தோளுக்கும் சுவரில் கை ஊன்றித் தள்ளினால் போதும்.

குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழை வெளியே விடாது. அந்த நாட்களில் ஒரு படுகப் பாட்டைப் போட்டு இருபது நிமிடம் ஆடுங்கள். குதிக்காத, நிதானமான அடவு என்பதால் முட்டிக்கும் தொல்லையில்லை. ஸ்கிப்பிங் இப்போதைக்கு வேண்டாம். முட்டி வீங்கினாலோ, மடங்கி மாட்டிக்கொண்டாலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, நாலு மணிக்கு வருவோம். வர்க்கிமேல் எனக்குப் பகையில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஆனால் அது மைதா, சர்க்கரை, கொழுப்பு. வயிறு கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாளுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். மலையில் அது வேகாத கதை உங்களுக்கே தெரியும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குளிரில் கடலை சரியாக ஊறுவதும் இல்லை. இரவே வெந்நீரில் போட்டு ஹாட்பாக்ஸில் மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சமவெளியில் வைப்பதைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விடுங்கள். கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து, துருவிய கேரட்டைக் கடைசியில் சேருங்கள். எலுமிச்சையை ஆபீசில் பிழிந்துகொள்ளலாம். ராஜ்மாவில் செய்தால் திறந்த பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம், குக்கர்தான். அரைவேக்காடு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும்.

சுண்டலுக்கு நேரமில்லாத நாளில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்து ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடிதான், 30 கிராம் வேர்க்கடலையிலேயே சுமார் 170 கலோரி இருக்கிறது. கேழ்வரகு மாவை வாசம் வர வறுத்து, வெல்லமும் பொடித்த வேர்க்கடலையும் சேர்த்து உருண்டை பிடித்தால் கால்சியமும் கிடைக்கும். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் நாளுக்கு ஒன்று. இங்குள்ள ஈரக்காற்றில் வறுத்தது எதுவும் சீக்கிரம் நமத்துவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், இரண்டு மூன்று நாளுக்கு ஆகிற அளவு மட்டும் செய்யுங்கள்.