மூச்சுக்குழாயில் குழாய் எதற்கு? மயக்கமருந்து வைத்தியரின் பதில்கள்

உணவுக்குழாயின் ஆரம்பநிலைப் புற்றுநோயை எண்டொஸ்கோப்பி (வாய்வழியாக விடும் கமெராக் குழாய்) மூலம் அகற்றுவது பற்றி வந்த கேள்விகளில் சில.

நெஞ்சைத் திறக்காமலேயே அப்பாவின் கட்டியை உரித்தெடுக்கப் போகிறார்கள். வெட்டே இல்லாதபோது மூச்சுக்குழாய்க்குள் ஏன் குழாய்? (கொக்குவில் வாசகி)

சோதனைக்கான எண்டொஸ்கோப்பி சில நிமிட வேலை. இதுவோ பெரிய கட்டியென்றால் பல மணி நேரம் இழுக்கும். அவ்வளவு நேரமும் கழுவும் நீரும் இரத்தமும் தொண்டைக்கு ஏறி வரும். ஆழ்ந்த மயக்கத்தில் இருமல் எழாது. வந்தது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பை அந்த வழியை அடைக்கிறது. சிறிய கட்டிகளைத் தூக்க மருந்தோடு மட்டும் அகற்றுகிறவர்களும் உண்டு. கட்டி மேற்பகுதியில் இருந்தால் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

அம்மா நெடுங்காலமாக வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர். அதையும் சொல்ல வேண்டுமா? (சாவகச்சேரி வாசகர்)

முதல் வேலையாகச் சொல்லுங்கள். பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு பலர் வாய் திறப்பதில்லை. சிலருக்கு உண்மையிலேயே திறக்காது: பாக்கு கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கிவிடும். அம்மாவின் மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, அவரது மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே வைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையாவிட்டால் வாய்வழியாகக் குழாய் விடுவது சிக்கலாகலாம். அப்போது மூக்கையும் தொண்டையையும் மரக்கச் செய்து, அவர் விழித்திருக்கும்போதே, வளையும் மெல்லிய கமெராவின் துணையோடு மூக்கு வழியாக இறக்குவோம். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். மயக்கிய பிறகு வழி தெரியாமல் திண்டாடுவதைவிட இது எவ்வளவோ மேல். வாயும் எண்டொஸ்கோப்புக்கென்று விடுபடும். மூக்கில் இரத்தம் கசியலாம் என்பதால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள். ஆடும் பல், கட்டுப்பல் இருந்தாலும் அப்படியே.

குழாய் விட்ட பிறகு எண்டொஸ்கோப் உள்ளே போக மறுப்பது ஏன்? (தாதிய மாணவி, யாழ்ப்பாணம்)

மூச்சுக்குழாயின் பின்சுவர் மென்மையானது. உணவுக்குழாய் அதன் முதுகோடு ஒட்டியிருக்கிறது. காற்றுப்பை அதிகம் ஊதினால் அது பின்னால் புடைத்து வழியை நெரிக்கும். தொண்டையில் தேங்கியதை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் காற்றை இறக்கி, எண்டொஸ்கோப் கடந்ததும் மீண்டும் ஊதி அழுத்தத்தை அளக்க வேண்டும். 20 முதல் 30 சென்றிமீற்றர் நீர் (இது அழுத்தத்தின் அலகு) போதும். நோயாளியை இடப்பக்கம் திருப்பும்போதும் குழாய் நகர்ந்ததா என்று பாருங்கள்.

அன்று காலை தேநீர்? (பருத்தித்துறை வாசகர்)

பாற்தேநீர் என்றால் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள்; வெறுந்தேநீரை 2 மணி நேரம் முன்பு வரை பொதுவாக அனுமதிப்போம். விழுங்கும்போது சிக்கினால் உங்கள் வைத்தியர் சொல்வதே கணக்கு.

முடிந்த பிறகு தொண்டை நோகுமா? (நல்லூர் வாசகி)

ஓரிரு நாள் நோவும் குரல் கம்மலும் வழமை. காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறப்பு, இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.